மலையில் போடாத வெள்ளி நாக்கு

என் மகனுக்கு இரண்டரை வயதாகியும் பேச்சு வரவில்லை என்பது எங்கள் வீட்டுக்குள் இருந்த விஷயம். அதை ஒரு மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னவர் என் ஓரகத்தி, கணவருடைய அண்ணன் மனைவி. சொந்தக்காரர் வீட்டு வளைகாப்பு அது. பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். பக்கத்து இலைக்காரம்மா என் மகனின் கன்னத்தைக் கிள்ளி, "பேரு என்னடா தங்கம்?" என்று கேட்டார். அவன் இலையிலிருந்த வடையையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் வாயைத் திறப்பதற்குள் ஓரகத்தி பதில் சொல்லிவிட்டார்.

"அவன இன்னாத்துக்கு கேக்கறீங்க? இவ மாசமா இருக்கச்சே மூணு மாசம் என்கிட்ட மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு பேசாமலே இருந்தா. உள்ள இருந்த புள்ள அதையே கத்துக்கிச்சு."

பந்தியே சிரித்தது. சாம்பார் ஊற்றிக்கொண்டு வந்தவர் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். என் கணவரும் சிரித்தார். வாளி கீழே வைக்கப்பட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அவர் சொன்னதில் பாதி உண்மை. நாங்கள் மாடியில், அவர்கள் கீழே. தண்ணீர் மோட்டாரை யார் போடுவது, யார் நிறுத்துவது என்று தொடங்கிய தகராறில், ஏழாம் மாதத்திலிருந்து பிரசவம் வரைக்கும் நான் அவரிடம் பேசவில்லை. அது உண்மைதான். வளைகாப்பிலிருந்து வீட்டுக்கு வந்ததும் போனை எடுத்து, தாய் பேசாமல் இருந்தால் வயிற்றிலிருக்கும் குழந்தைக்குப் பேச்சு வராமல் போகுமா என்று தேடினேன். பி.எஸ்சி. விலங்கியல் படித்தவள், மூன்று வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவள் தேடிய கேள்வி இது. தேடியதை உடனே அழித்தேன். மறுநாள் மறுபடியும் தேடினேன்.

அப்போதே நினைத்துக்கொண்டேன், இதற்கு ஒரு நாள் பதில் தர வேண்டும். சண்டை போட்டு அவரை ஜெயிக்க முடியாது. பட்டுப்புடவைக் கடையில் பதினாறு வருடமாக நின்று, சும்மா பார்க்க வந்தவர்களைக்கூட வாங்க வைத்து அனுப்புகிற வாய் அவருடையது. எனக்கு வாய் கிடையாது. காத்திருக்கத் தெரியும்.

அரசு மருத்துவமனையில் குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஒரு பெண் இருந்தார். செவ்வாய்க்கிழமை தோறும் அவனை அங்கே கூட்டிப் போனேன். கணவருக்கு மட்டும்தான் தெரியும். கீழ் வீட்டுக்குத் தெரிந்தால் "லூசுப் புள்ளைங்க போற எடம்" என்று ஒரு பேச்சு வரும் என்பதால், தடுப்பூசி, சளி, பல் என்று செவ்வாய்க்கு ஒரு காரணம் சொல்லிவிட்டுப் போவேன். அந்தப் பெண் சொல்லிக் கொடுத்தது கேட்க எளிதாக இருக்கும். குழந்தையின் உயரத்துக்கு மண்டியிட வேண்டும். ஒரே ஒரு பொருளைக் காட்டி அதன் பெயரைச் சொல்ல வேண்டும். பிறகு மனதுக்குள் பத்து வரை எண்ணிக்கொண்டு காத்திருக்க வேண்டும். அவன் சொல்லாவிட்டால் நாமே இன்னொரு தடவை சொல்ல வேண்டும். கோபப்படக் கூடாது. "முக்கியமா, நாலு பேர் முன்னாடி நிறுத்தி வெச்சி சொல்லு சொல்லுன்னு கேக்காதீங்க" என்றார். எட்டு மாதம் அந்தப் பத்தை எண்ணினேன். சமையலறையில், குளியலறையில், பஸ் ஸ்டாண்டில், கறிவேப்பிலைக் கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு.

ஒரு நாள் காலையில் எங்கள் தெருவில் பாவு போட்டுக்கொண்டிருந்தார்கள். தறியில் ஏற்றப்போகிற பட்டு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, இழை பிரித்து, சரி செய்வார்கள். ஆரஞ்சு நிறப் பாவு. நான் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடிக் கைப்பிடிச் சுவர் ஓரம் நின்றேன். "பாவு" என்று சொல்லிவிட்டு எண்ண ஆரம்பித்தேன். ஆறு வரும்போது அவன் சொன்னான்.

"பாவு."

நான் அழவில்லை. யாராவது பார்த்துவிடப் போகிறார்கள் என்று உள்ளே ஓடினேன். மறுநாள் 'தண்ணி' வந்தது. பிறகு 'காக்கா'. பத்து நாளில் ஏழு சொற்கள் ஆகிவிட்டன. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நின்றுவிடுமோ, கண் பட்டுவிடுமோ என்று பயம். கணவரிடமும் சொல்லவில்லை. அவர் ஷிப்ட் முடிந்து வருவதற்குள் பிள்ளை பெரும்பாலும் தூங்கிவிடுவான். அதோடு, சந்தோஷமான விஷயம் எதுவும் அவர் வாயில் தங்காது. மாடிப்படி இறங்குவதற்குள் அண்ணனிடம் சொல்லியிருப்பார். உறுதியாக இருபது சொல் வரட்டும், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து எல்லோரும் வீட்டில் இருக்கும்போது, நானே அவனைக் கீழே கூட்டிப்போய் பேச வைக்கிறேன் என்று வைத்திருந்தேன்.

அந்த வாரத்தில்தான் ஓரகத்தி மாடிக்கு வந்தார். கையில் ரோஸ் கலர் காகிதப் பொட்டலம். பிரித்துக் காட்டினார். உள்ளே வெள்ளியில் செய்த ஒரு நாக்கு. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. கோயில்களில் கண், கால், தொட்டில் என்று தகடு வாங்கிப் போடுவார்களே, அதுபோல. ஆனால் இது மலை மாதா கோயில் அடிவாரக் கடையில் விற்கிற தகரத் தகடு இல்லை. ஆசாரியிடம் சொல்லிச் செய்தது.

"மலை மாதாகிட்ட வேண்டிக்கினு கீறேன். புள்ளய மேல தூக்கிக்கினு போய், அவன் வாயத் தொறந்ததும் இத்த உண்டியல்ல போடணும். பெத்தவ கையாலதான் போடணுமாம். வர்ற ஞாயித்துக்கெழம போறோம். அப்படியே கடல் பக்கம் போய்ட்டு வரலாம், உன் மச்சான் வண்டி ரெடி."

மச்சான் என்று அவர் சொன்னது என் மூத்தாரை, அவருடைய கணவரை. ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றுகிற வேன் வைத்திருக்கிறார்.

நான் அந்த நாக்கைப் பார்த்தேன். அவன் மலைமேல் 'காக்கா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எட்டு மாதத்துச் செவ்வாய்க்கிழமைகளும் அத்தோடு போய்விடும். காலத்துக்கும், ஒவ்வொரு வளைகாப்பிலும், ஒவ்வொரு பந்தியிலும், "இவன் பேசினது என் வேண்டுதல்ல" என்று அவர் சொல்லிக்கொண்டிருப்பார். புள்ளையை ஊமையாக்கியவள் நான், பேச வைத்தவர் அவர் என்று ஆகும்.

"சரிக்கா" என்றேன்.

அப்போதே உள்ளுக்குள் முடிவு செய்துவிட்டேன். மலையில் அவன் பேசக் கூடாது. அவருடைய வேண்டுதல் எல்லோர் கண் முன்னாலும் பலிக்காமல் போக வேண்டும். பிறகு கீழே, கடற்கரையில், மாதாவும் உண்டியலும் இல்லாத இடத்தில், நான் கேட்டு அவன் சொல்ல வேண்டும். அதற்கென்று ஒரு சொல்லைப் பழக்கினேன், 'போட்டு'. படப் புத்தகத்தில் படகைக் காட்டி, நாலு நாள். மூன்றாம் நாளே சொல்லிவிட்டான். என் திட்டத்துக்கு என் பிள்ளை இவ்வளவு ஒத்துழைக்கிறானே என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஞாயிறு விடியற்காலைப் பூசை முடிந்ததும் கிளம்பினோம். நாங்கள் மூவர், மூத்தார், ஓரகத்தி, நாலாவது படிக்கிற அவர்கள் மகள். உத்திரமேரூர், மதுராந்தகம் வழியாக வண்டி போனது. வழியெல்லாம் அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துப் பார்த்து மூச்சை இழுப்பான். சொல் வரப்போகிறது என்பது எனக்குத் தெரியும், அவன் கீழுதடு முதலில் உள்ளே போகும். உடனே ஒரு பிஸ்கட். பை நிறைய பிஸ்கட் வாங்கி வைத்திருந்தேன்.

"இன்னாமா, புள்ளய பிஸ்கட்டுலயே ரொப்பற? மலைல போயி வாந்தி எடுக்கப் போறான்" என்றார் ஓரகத்தி.

"பசிக்குதுக்கா அவனுக்கு."

"கேட்டானா?"

மூத்தார் வண்டி ஓட்டிக்கொண்டே சிரித்தார். இதையும் நான் குறித்து வைத்துக்கொண்டேன்.

மலையில் மேல் வரைக்கும் வண்டி போகும். வேண்டுதல் என்றால் நடந்துதான் ஏற வேண்டும் என்று ஓரகத்தி செருப்பைக் கழற்றி வண்டியிலேயே வைத்துவிட்டார். என் மகனைத் தானே தூக்கிக்கொண்டார். அவருக்கு முட்டி வலி உண்டு. கடையில் நின்று நின்று வந்தது. பாதி ஏறுவதற்குள் முகமெல்லாம் வேர்த்து, ஒவ்வொரு படியிலும் "மாதாவே, மாதாவே" என்று முனகிக்கொண்டு ஏறினார். "குடுங்கக்கா, நான் தூக்கறேன்" என்று ஒரு தடவை சொன்னேன். அவர் தரவில்லை. இரண்டாம் தடவை நான் கேட்கவில்லை. அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது எனக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். எனக்கு இனித்தது. இந்த வலியெல்லாம் வீணாகப் போகப்போகிறது என்று நினைத்தேன்.

மேலே காற்று பலமாக அடித்தது. மாதா சொரூபத்துக்கு முன்னால் பத்திருபது பேர் இருந்தார்கள். ஓரகத்தி முழங்கால் போட்டார், அந்த முட்டியோடு. என் மகனின் கையைப் பிடித்து மாதாவின் பாதத்தைத் தொட வைத்தார். வெள்ளி நாக்கைப் பொட்டலத்திலிருந்து எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"சொல்லுடா ராசா. மாதாவேன்னு சொல்லு. அம்மான்னாச்சும் சொல்லு."

எல்லோரும் பார்த்தார்கள். முன்பின் தெரியாத ஒரு பாட்டுக் குழுப் பெண்கூடப் பாடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். என் மகன் என்னைப் பார்த்தான். அவன் வாயில் பாதி பிஸ்கட் இருந்தது. மென்று முழுங்கினான். அந்த நேரம் பார்த்து வெளியே மதில்மேல் ஒரு காக்கா வந்து உட்கார்ந்தது. அவன் முகம் மலர்ந்தது. கீழுதடு உள்ளே போனது.

"கா—"

என் கை அவன் வாயைப் பொத்திவிட்டது. தூக்கித் தோளில் போட்டு முகத்தை என் கழுத்தோடு அழுத்திக்கொண்டேன். இன்னொரு கையில் வெள்ளி நாக்கின் விளிம்பு குத்தியது.

"இன்னா சொன்னான்? என்னமோ சொன்னானே" என்று ஓரகத்தி பாய்ந்து எழுந்தார்.

"இருமல்க்கா. பிஸ்கட் தொண்டையில அடைச்சிக்கிச்சு."

அவன் திமிறினான். காதோடு "ஷ்ஷ்" என்றேன். இறக்கி விட்டதும் இன்னொரு தடவை காக்காவைக் காட்ட விரல் நீட்டினான். இன்னொரு தடவை பொத்தினேன். மூன்றாம் தடவை பொத்த வேண்டியிருக்கவில்லை. நான் கையைத் தூக்கியதுமே வாயை மூடிக்கொண்டான்.

கால் மணி நேரம் காத்திருந்தோம். ஓரகத்தி என் கையிலிருந்த நாக்கை வாங்கி, கர்ச்சீப்பில் சுற்றி, பர்சில் போட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டாரா, வேர்வையைத் துடைத்துக்கொண்டாரா, தெரியாது. அந்த முகத்தை நான் ஆசை தீரப் பார்த்தேன். சாம்பார் வாளிக்கு இது சரியாகப் போயிற்று என்று நினைத்தேன். இறங்கும்போது மகனை நான் தூக்கிக்கொண்டேன். அவன் கனமாகவே தெரியவில்லை.

மத்தியானம் மரத்தடியில் தக்காளி சாதமும் அவித்த முட்டையும் சாப்பிட்டுவிட்டு, கடப்பாக்கம் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பத்துக்குப் போனோம். வலைகள் நீலமும் பச்சையுமாகக் குவிந்து கிடந்தன. மணலில் தார்ப்பாய் விரித்து நெத்திலி காயப் போட்டிருந்தார்கள். கரையில் ஏற்றி நிறுத்திய போட்டுகள் வரிசையாக நின்றன. என் மகன் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. அலையையும் போட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு என் விரலைக் கெட்டியாகப் பிடித்திருந்தான்.

ஓரகத்தி மலையில் விட்டதை மீட்கிற மாதிரி கருவாட்டுக்காரம்மாவிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தார்.

"கடைல நின்னு ஆயிரம் பேர பாத்தவ நானு. எனக்கே மண்ண நெறுத்துக் குடுக்கறியா?"

"மண்ணு இல்லாத கருவாடு வோணும்னா மாடில காய வெச்சிதான் துன்னணும். வாங்கிக்கினு போமா" என்றாள் அவள்.

மூத்தாரும் என் கணவரும் அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். எல்லோரும் ஒரே இடத்தில் இருந்தார்கள். இதைவிட நல்ல நேரம் வராது.

"அக்கா, எல்லாரும் கொஞ்சம் இங்க பாருங்க" என்றேன். "இவன் பேசுவான். இப்ப பாருங்க."

ஒரு போட்டுக்கு முன்னால் அவனை நிறுத்தினேன். மணலில் மண்டியிட்டேன். கை நீட்டிக் காட்டி, "போட்டு" என்றேன். எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு. அவன் போட்டைப் பார்த்தான். முகம் மலர்ந்தது. ஐந்து. கீழுதடு உள்ளே போனது. ஆறு. என்னைப் பார்த்தான்.

தன் சின்னக் கையைத் தூக்கித் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டான்.

நான் பத்து வரைக்கும் எண்ணினேன். இருபது வரைக்கும் எண்ணினேன். "சொல்லு தங்கம். போட்டு. வீட்ல சொன்னியே" என்றேன். அவன் இரண்டாவது கையையும் எடுத்து அதன்மேல் வைத்துக்கொண்டான். நாலு பேர் முன்னாடி நிறுத்தாதீங்க என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். நான் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன்.

"ஏமா, புள்ள வாயில எதுனா கடிச்சிடுச்சா?" என்றாள் கருவாட்டுக்காரம்மா.

பதில் சொன்னது ஓரகத்தியின் மகள். "மலைல சித்திதான் அவன் வாய மூடினாங்க. ரெண்டு வாட்டி. நான் பாத்தேன். அவன் காக்கான்னு சொல்ல வந்தான்."

ஓரகத்தி என்னைப் பார்த்தார். புடவையின் முந்தியில் சிறு குறையிருந்தாலும் தொட்டுக் கண்டுபிடிக்கிறவர். அவருக்கு இதைக் கண்டுபிடிக்க நேரம் ஆகவில்லை.

"எவ்ளோ நாளா பேசறான்?"

நான் மணலைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "இருபது நாளா."

"என்கிட்டகூட சொல்லல நீ" என்றார் என் கணவர். திரும்பும்போது அவர் என் பக்கத்தில் உட்காராமல் கடைசி சீட்டுக்குப் போய்விட்டார்.

ஓரகத்தி கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் மெதுவாகத்தான் சொன்னார்.

"என் மேல இருக்கற கோவத்துக்கு புள்ள வாயப் பொத்தி கீற. அன்னிக்கு பந்தில நான் சொன்னது பொய்யாமா?"

கருவாட்டுப் பொட்டலத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வண்டிக்கு நடந்தார். நொண்டிக்கொண்டுதான் நடந்தார்.

திரும்பும்போது மகன் என் மடியில் இருந்தான். முன் சீட்டில் ஓரகத்தி. வண்டிக்குள் கருவாட்டு நாற்றம். நான் அவன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தேன். திரும்பப் பேசுவானா, எட்டு மாதத்தை ஒரே நாளில் அழித்துவிட்டேனா, செவ்வாய்க்கிழமை அந்தப் பெண்ணிடம் இதை எப்படிச் சொல்வேன் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். மதுராந்தகம் ஏரி வரும்போது அவன் என் துப்பட்டாவை இழுத்துத் தன் தலைமேல் போட்டுக்கொண்டான். என் தலையையும் உள்ளே இழுத்தான். யாருக்கும் கேட்காத குரலில் என் காதுக்குள் சொன்னான்.

"போட்டு."

நான் அப்போது சும்மா இருந்திருக்கலாம். அவனுக்கும் எனக்கும் மட்டும் என்று வைத்திருக்கலாம். ஆனால் அவன் வாழ்நாள் முழுக்கத் துப்பட்டாவுக்குள் பேசுகிறவனாக ஆகிவிடுவானோ என்று பயம் வந்தது. துணியை விலக்கினேன். "சத்தமா சொல்லு கண்ணு. அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டேன். கத்து" என்றேன். என் கைகள் இரண்டாலும் அவன் பார்க்கிற மாதிரி முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவன் கொஞ்ச நேரம் அந்தக் கைகளையே பார்த்தான். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, வெறும் ஏரியைப் பார்த்துக் கத்தினான்.

"போட்டு. காக்கா. போட்டு."

மூத்தார் வண்டியை ஓரம் கட்டினார். ஓரகத்தி திரும்பிப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் வாயைத் திறந்ததும் அவர் கேட்டது இதைத்தான்.

"இருபது நாளைக்கு முன்னதான பேச ஆரம்பிச்சான்? நான் இந்த மாசம் மொத வெள்ளிக்கெழம வேண்டிக்கினேன். அதுக்கு அடுத்த வாரம் புள்ள வாயத் தொறந்து கீறான். பாத்துக்கோ." கர்ச்சீப்பை அவிழ்த்து, வெள்ளி நாக்கை எடுத்துப் பின்னால் கை நீட்டினார். "இந்தா. பெத்தவ கையாலதான் போடணும். அடுத்த வாட்டி போறப்ப போட்டுரு. வேண்டுதல வெச்சிக்கினு இருக்கக் கூடாது."

நாக்கு என் கைக்கு வந்துவிட்டது.

இது நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது. என் மகன் இப்போது எல்.கே.ஜி. படிக்கிறான். வாய் ஓய்வதில்லை, பெரியம்மாவின் கடையில் போய் நின்றால் வாடிக்கையாளர்களுக்குக் கலர் சொல்கிறான். ஓரகத்தி எல்லோரிடமும் சொல்கிறார், மலை மாதாவின் அற்புதம் என்று. என்னை வைத்துக்கொண்டே சொல்கிறார். ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளிக்கிழமை மாடிப்படிக்குக் கீழே நின்று கேட்பார், "போய் போட்டியாமா?" நான் மேலிருந்து சொல்வேன், "இன்னும் இல்லக்கா." அவர் முகம் ஒரு நொடி சுருங்கும். மாதத்தில் அந்த ஒரு நொடிக்காக நான் முதல் வெள்ளிக்கிழமை வீட்டிலேயே இருப்பேன்.

நான் அதை உண்டியலில் போட்டால், அவர் கேட்டார், மாதா கொடுத்தாள், நான் ஒப்புக்கொண்டேன் என்று ஆகும். அது முடியாது. மாதா மீது எனக்குக் கோபம் இல்லை. அவளிடம் தனியாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். பொறுத்துக்கொள்வாள் என்று ஒரு நாள் தோன்றும், பொறுக்க மாட்டாள் என்று மறுநாள் தோன்றும்.

போன மாதம் அவனுக்குக் காய்ச்சல் வந்து தொண்டை கட்டிக்கொண்டது. இரண்டு நாள் குரலே எழும்பவில்லை. எதையாவது கேட்க வேண்டுமென்றால் விரலைக் காட்டினான், பழைய மாதிரி. பீரோவைத் திறந்து, கல்யாணப் புடவைக்கு அடியிலிருந்து அந்த ரோஸ் கலர் காகிதத்தை எடுத்தேன். நாக்கு கொஞ்சம் கறுத்திருந்தது. முந்தானையால் துடைத்துக் கைப்பையில் வைத்தேன். மதுராந்தகம் பஸ் எத்தனை மணிக்கு என்று பக்கத்து வீட்டில் விசாரித்தேன். மூன்றாம் நாள் காலையில் கிளம்பிச் செருப்புகூடப் போட்டுவிட்டேன்.

டாக்டர் கொடுத்த மாத்திரையில் அதற்குள் குரல் வந்துவிட்டது. "அம்மா, தண்ணி சூடா கீது" என்று பெரியம்மா மாதிரியே கத்தினான். நான் செருப்பைக் கழற்றினேன். நாக்கைக் காகிதத்தில் சுற்றிப் புடவைக்கு அடியில் வைத்து, பீரோவைப் பூட்டினேன். அன்று புதன்கிழமை. முதல் வெள்ளிக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.